எழுபதில் நின்ற முள்

சண்முகலிங்கம் கையை நீட்டினார். கிளிபோட் அதைத் தொட்டதும் இருவருக்கும் நடுவே ஒரு பொறி வெடித்தது.

"அண்ணை, கறன்ற் பில் கட்டுறனீங்கள்தானே?" என்றான் கிளிபோட், விரலை உதறிக்கொண்டு. "எங்களிலை இருந்து எடுக்க வேண்டாம்."

சண்முகலிங்கம் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பு முழுவதும் வெளியே வேலைக்குப் போயிருந்தது. ஸ்காபரோவின் பேருந்துத் தரிப்பிடங்களிலும் தமிழ்க்கடைக் காலண்டர்களிலும், 'வீடு வாங்கவோ விற்கவோ' என்ற வரிக்கு மேலே அதைப் பார்க்கலாம். வீட்டுக்குள் அதைச் செலவழிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

புறநகரான ஸ்ரௌவ்வில்லில் அந்தத் தெருவுக்கு மூன்று வயது. மரங்கள் இன்னும் குச்சிகள்தாம். வீடுகள் மட்டும் பிறக்கும்போதே தொப்பை வைத்திருந்தன. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. உள்ளே வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஓயாமல் ஊதி, காற்றை அப்பளமாகப் பொரித்து வைத்திருந்தது. சப்பாத்தைக் கழற்றி வைப்பதற்குள் ரதியின் உதடு வெடித்துவிட்டது.

ரதிக்கு நாற்பத்தாறு வயது. பதினொரு வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக எரிந்த கடைகளையும் வெள்ளம் புகுந்த நிலவறைகளையும் பார்த்து, எது விபத்து, எது விருப்பம் என்று பிரித்துக் கொடுத்தவள். இப்போது மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். அவளுடைய உதவியாளன் கிளிபோட் முன்பு இழுவை வண்டி ஓட்டியவன். விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய் நின்று வாயால் பிழைக்கும் தொழில் அது. வண்டியை விட்டுவிட்டான், வாயை விடவில்லை.

சண்முகலிங்கம் அவர்களைத் தன் அலுவலக அறைக்கு அழைத்துப் போனார்.

"இதுதான் ஹியூமிடோர்," என்றார், புது மருமகனை அறிமுகம் செய்யும் குரலில்.

சுருட்டு காயாமல் ஈரப்பதம் காக்கும் பெட்டி. கறுத்த மரம், கண்ணாடிபோல் மினுங்கும் பூச்சு, மூடியின் முகப்பில் பித்தளை வளையம் போட்ட ஈரமானி. அதன் முள் எழுபதைக் காட்டியது. பெட்டி இருந்த சிறிய மேசைக்கு நேர் கீழே தரையில் சூடான காற்று வரும் துவாரம்.

"ஏன் ஹீற்றருக்கு மேலை வைச்சிருக்கிறியள்?" என்று ரதி கேட்டாள்.

"வின்ரர்தானே தங்கச்சி. கியூபாச் சாமான். குளிர் தாங்காது."

"ஒரு ஸ்வெற்றரும் போட்டு விட்டிருக்கலாம்," என்றான் கிளிபோட்.

சண்முகலிங்கம் அவனைக் கவனிக்காமல் கதையைச் சொன்னார். ஒக்ரோபரில் மரியோ தந்த பரிசு இது. ஒஷாவாவில் நானூறு வீடு கட்டப்போகும் இத்தாலியன் மரியோ. அந்த நானூறையும் சண்முகலிங்கம் விற்றுக் கொடுப்பதாகப் பேச்சு. நாளை மரியோ இந்த வீட்டுக்கு வருகிறான். இருவரும் இருந்து ஆளுக்கொரு சுருட்டுப் பற்றவைத்துக் கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு. பெட்டியில் இருந்தவை இருபத்தைந்து. கிறிஸ்மசுக்கு முன்பே ஆறு, பார்க்க வேண்டியவர்கள் பார்க்கும்படி புகைந்து போயின. மிச்சம் பத்தொன்பது.

"சனிக்கிழமை நானே திறந்து பாத்தனான். பத்தொன்பதும் இருந்தது. அமத்திப் பாத்தால் அண்டைக்குப் போட்ட பாண் மாதிரி மெத்தெண்டு. ஞாயிறு காலமை உவள் பையோடை லீவிலை போனவள். பின்னேரம் திறக்கிறன், வெறும் பெட்டி. திறப்பு ரெண்டே ரெண்டு. ஒண்டு என்னட்டை. மற்றது தண்ணி விடுறதுக்கெண்டு உவளிட்டை."

உவள் என்றது பாலேஸ்வரியை. சண்முகலிங்கத்தின் படுக்கையில் கிடக்கும் தகப்பனைப் பார்க்க வேலை அனுமதியில் வந்தவள். வீட்டிலேயே தங்கி இரண்டு வருடம் கடந்துவிட்டது. சண்முகலிங்கத்தின் மனைவி ஒரு கலியாணத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் தகப்பனும் மகனும் மட்டுமே.

"பொலிசுக்கு ஏன் இன்னும் சொல்லேல்லை?"

"மரியோ சொன்னவன், முதலிலை ஒரு விசாரணை வைச்சு றிப்போட் எடு எண்டு. நாளைக்கு அவனுக்குக் காட்டிப்போட்டுத்தான் பொலிஸ். வேறை ஆக்களைப் பிடிச்சால் ஆயிரம் கேள்வி கேப்பாங்கள். நீங்கள் எங்கட ஆக்கள், விளங்கும். ஒரு பக்கம் எழுதினால் காணும்."

ரதிக்கு விளங்கியது. இந்த ஊரில் அவளுக்கு வரும் வேலைகளில் பாதி இப்படித்தான் வரும்: முடிவைக் கையில் கொடுத்துவிட்டு விசாரணை கேட்பார்கள்.

"பாலேஸ்வரி என்ன சொல்லுறா?"

"என்ன சொல்லுறது, இல்லை எண்டுதான். இஞ்சை நிரந்தரமா இருக்கிறதுக்கு பிஆர் காட் எடுக்க, வெள்ளிக்கிழமைக்குள்ளை இமிகிறேசனுக்கு வேலைக் கடிதம் குடுக்க வேணுமாம். ரெண்டு வருசம் அப்பாவைப் பாத்தவ எண்டு நான் எழுதிக் கையெழுத்து வைக்க வேணுமாம். கள்ளிக்கு நான் கடிதம் குடுக்கிறதோ? ஊர்ச் சங்க வட்ஸ்அப்பிலையும் போட்டிட்டன், ஒருத்தரும் உவளை வேலைக்கு எடுக்கக் கூடாதெண்டு."

கைத்தொலைபேசி அதிர்ந்தது. திரையைப் பார்த்ததும் சிரிப்பு வேலையிலிருந்து வீடு திரும்பியது. "மரியோ, மை பிரென்ட்," என்றபடி மாடிக்கு ஏறினார்.

ரதி பெட்டியைத் திறந்தாள். மூடியின் உட்புறத்தில் ஈரம் கொடுக்கும் சிறிய பஞ்சுத் தட்டு. நகத்தால் தட்டினாள். 'டக்' என்றது.

"பஞ்சோ, ஓடோ?" என்றான் கிளிபோட்.

"ரெண்டுக்கும் நடுவிலை." பஞ்சின் மேல் வெள்ளையாக ஒரு படை, தேநீர்க் கேத்தலின் அடியில் பிடிப்பதைப் போல. பெட்டியின் உள்மரம் காய்ந்து மூலையில் மயிரிழை அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அவள் ஈரமானியைக் கழற்றிக் கிளிபோட்டிடம் கொடுத்தாள். "உதைச் சூட்டுக் காத்துக்கு மேலை பிடி."

கிளிபோட் பிடித்தான். எழுபது. வாயருகே வைத்து ஆவி பட ஊதினான். எழுபது. கதவைத் திறந்து படியில் கிடந்த பனிக்குள் செருகிவிட்டு, காது சிவக்கத் திரும்பி வந்தான்.

"எழுபதுதான் பொஸ். வேலை செய்யாமலே எழுபது எடுக்கிறான். கவுன்மென்ற் உத்தியோகம் போல."

"சுருட்டுக்கு அறுபத்தஞ்சு, எழுபது வேணும். இந்த வீட்டிலை இருபதும் இராது. ஒரு ரெஸ்ரோரண்ட் எரிஞ்ச கேசிலை சுருட்டுப் பெட்டியளைப் பற்றி ஒரு கிழவன் எனக்கு ரெண்டு மணித்தியாலம் வகுப்பெடுத்தவன். நல்ல வேளை, தப்பி ஓட வழி இருக்கேல்லை."

பாலேஸ்வரி பின்பக்க அறையில் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். சாய்வுக் கட்டிலில் கிடந்த சண்முகலிங்கத்தின் தகப்பன் இராஜரட்ணத்துக்குப் பாணைப் பாலில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். பதிலுக்கு மேல் ஒரு சொல் கூடப் போகவில்லை.

"பெட்டிக்கு எப்ப எப்ப தண்ணி விட்டனீங்கள்?"

"ஒவ்வொரு சனியும்."

"என்ன தண்ணி?"

"கொதிச்சாறின தண்ணி. பைப்பிலை பிடிச்சு விடாதை, சுத்தமான தண்ணியா விடு எண்டு அண்ணைதான் சொன்னவர்."

ரதி தலையாட்டினாள். கொதித்தாறிய தண்ணீரை விடச் சுத்தமானது உலகில் இல்லை என்று நம்பும் சனம். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சுண்ணாம்பு சாகாது. சனிக்குச் சனி அந்தச் சுண்ணாம்பைக் குடித்துக் குடித்துப் பஞ்சு கல்லாகிவிட்டது. கல்லுக்குத் தண்ணீரை வாங்கவும் தெரியாது, விடவும் தெரியாது. மருந்துக்கடையில் குடுவையில் விற்கும், ஆவியாக்கி வடித்த டிஸ்ரில்ட் தண்ணீர் ஒரு குடுவை வாங்கியிருந்தால் போதும்.

"அக்கா, நான் விட்ட தண்ணியிலை ஏதும் பிழையோ?" என்றாள் பாலேஸ்வரி.

"தண்ணி பிழைதான். ஆனா அதுதான் உங்களுக்குச் சாட்சி. ஒரு கிழமையும் தவறாமல் விட்ட ஆளாலைதான் உவ்வளவு கல்லுக் கட்ட ஏலும்."

கட்டிலில் இருந்து கிழவர் தலையைத் திருப்பினார். உடம்பில் பாதி ஓய்வு பெற்றிருந்தது. வாய் முழுநேர வேலையில் இருந்தது.

"நீ பொலிசோ?"

"இல்லை ஐயா. விசாரிக்க வந்தனான்."

"அப்ப இதை விசாரி. திங்கள் பாண். செவ்வாய் பாண். இண்டைக்கும் பாண். இடியப்பம் எங்கை எண்டு கேட்டால் இந்தப் பிள்ளை வாய் திறக்கிறாளில்லை. ஞாயிறு மத்தியானம் உவன் கராஜுக்குள்ளை பானை வைச்சு அவிச்சவன். உந்த ஜன்னல் முழுக்க வேர்த்து வழிஞ்சு பிறகு ஐஸாப் போச்சு. எனக்கு ஒரு இடியப்பம் வரேல்லை. தகப்பனை விட்டிட்டுத் தனிய இருந்து தின்னுற சாதி."

ரதி ஜன்னலைப் பார்த்தாள். அறைக்கும் கராஜுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. வீட்டின் மற்ற ஜன்னல்கள் எல்லாம் எலும்பாகக் காய்ந்திருந்தன. இந்த ஒன்றின் அடிச்சட்டத்தில் மட்டும் உறைந்த நீர் விரல் தடிப்பில் ஒட்டியிருந்தது.

"சண்முகலிங்கம் அண்ணை சமைக்கிறவரோ?" என்று கிளிபோட் கேட்டான்.

"தேத்தண்ணி போடத் தெரியாது," என்றாள் பாலேஸ்வரி.

கராஜில், இரண்டு கார்களுக்கும் இடமில்லாமல், இரண்டாவது குசினி இருந்தது. கறி மணம் வீட்டுக்குள் போனால் வீட்டின் விலை இறங்கும் என்று இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கட்டிக்கொள்வது. இடியப்பம் அவிக்கும் பெரிய பானை அடுப்பில் கவிழ்ந்து கிடந்தது. ரதி குனிந்து முகர்ந்தாள். லவண்டர். கை கழுவும் சவர்க்காரத்தால் பானை கழுவுகிறவன் வாழ்க்கையில் பானை கழுவியதில்லை.

"ஏன் மூண்டு நாளா இடியப்பம் இல்லை?" என்று பின்னால் வந்து நின்ற பாலேஸ்வரியிடம் கேட்டாள்.

"தட்டு இல்லை அக்கா."

"எத்தினை தட்டு இருந்தது?"

"இருபது. பிரம்புத் தட்டு. ஞாயிறு பின்னேரம் நான் வரேக்கை ஒண்டும் இல்லை." அதைச் சொல்லிவிட்டு பாலேஸ்வரி ரதியின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். மீன் வாங்குகிறவர்கள் செவுளைப் பார்ப்பதைப் போன்ற பார்வை அது.

கிளிபோட் விரல்களில் எண்ணிக் காட்டினான். "பத்தொன்பது கியூபாச் சுருட்டு. இருபது இடியப்பத் தட்டு. ஒரே நாளிலை ரெண்டும் காணேல்லை. பொஸ், இந்தக் கள்ளன் வெள்ளைக்காரனோ தமிழனோ?"

"வா," என்றாள் ரதி.

சண்முகலிங்கம் அலுவலக அறையில் காத்திருந்தார். மேசையில் ஒரு வெற்றுத்தாளும் பேனாவும் தயாராக வைத்திருந்தார்.

"எழுதுவமோ தங்கச்சி?"

"ஒரு சின்னச் சந்தேகம், மிஸ்ரர் சண்முகலிங்கம். சனிக்கிழமை சுருட்டு மெத்தெண்டு இருந்தது எண்டனீங்கள்."

"ஓம்."

"இந்தப் பஞ்சு புதுவருசத்துக்கு முன்னமே செத்திட்டுது. இந்த முள் பிறக்கேக்கையே செத்தது. கீழை ஹீற்றர். உங்கட சுருட்டு சனிக்கிழமை காஞ்ச சருகு. அமத்தியிருந்தால் கையிலை தூளாத்தான் வந்திருக்கும். அப்ப நீங்கள் ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"எனக்கு உந்த விசயங்கள் தெரியாது."

"ஞாயிறு மத்தியானம் கராஜிலை என்ன அவிச்சனீங்கள்?"

சண்முகலிங்கத்தின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. இருபது வருடம் வீடு விற்ற முகம். கூரை ஒழுகும் வீட்டையும் 'இயற்கை வெளிச்சம் உள்ளது' என்று காட்டிய முகம்.

"இடியப்பம். பசிச்சுது."

"மாவைப் பிழிஞ்சது ஆர்?"

அவர் பேனாவைத் தாளுக்கு நேராக நகர்த்தி வைத்தார்.

"இருபது தட்டும் எங்கை?"

அவர் கதிரையில் சாய்ந்தார். மெல்லச் சிரித்தார், காலண்டர்ச் சிரிப்பு. "செவ்வாய்க்கிழமை குப்பை லொறி வந்திட்டுப் போட்டுது தங்கச்சி. என்னத்தை வைச்சுக் கதைக்கிறியள்? ஒரு கிழவன்ரை கதையும் ஒரு ஜன்னலும். நீங்கள் எழுதாட்டி எழுத இன்னொராள் இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்குப் பொலிஸ் வரும்."

ரதிக்கு அவர் சொன்னது சரி என்று தெரியும். காப்புறுதி நிறுவனத்தில் என்றால் இந்தக் கோப்பை இந்த இடத்தில் மூடியிருப்பார்கள்.

கதவடியில் பாலேஸ்வரி நின்றாள். கையில் ஒரு தமிழ்க்கடைப் பை. அதிலிருந்து பழைய துவாயில் சுற்றிய ஒன்றை எடுத்து, வெற்றுத்தாளின் மேல் வைத்துப் பிரித்தாள்.

ஒரு பிரம்புத் தட்டு. அதன் குறுக்கே மண்ணிறத்தில் மூன்று தடித்த கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், அளவெடுத்துக் கீறியது போல. நடுக்கோட்டில் வெந்த இலைத்துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அறை முழுவதும் ஈரப் புகையிலை மணந்தது.

"அடுப்புக்குப் பின்னாலை விழுந்து கிடந்தது," என்றாள். "புகையிலை மணம் பிடிச்ச மற்றதுகளைக் கட்டி எறிஞ்ச அவசரத்திலை அண்ணை இதைக் காணேல்லை."

"ஞாயிறே எடுத்தனீங்களோ?" ரதி கேட்டாள். "என்னட்டை ஏன் முதலே தரேல்லை?"

"அண்ணை காசு குடுத்துக் கூப்பிட்ட ஆள்தானே நீங்கள். ஆருடைய பக்கம் எண்டு தெரியாமல் என்னெண்டு தாறது?"

ரதிக்கு அது சுட்டது. நியாயமான சூடுதான்.

சண்முகலிங்கம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரேயடியாகக் கொட்டினார். ஞாயிறு காலை மரியோ தொலைபேசியில் கூப்பிட்டு வரும் நாளைச் சொல்ல, ஆசையோடு பெட்டியைத் திறந்தாராம். எடுத்த முதல் சுருட்டே விரலுக்குள் நொறுங்கியதாம்.

"காஞ்ச பாணை ஆவியிலை வைச்சால் பதமா வரும்தானே. அப்பிடி வரும் எண்டு நினைச்சன்."

"எவ்வளவு நேரம் வைச்சனீங்கள்?" கிளிபோட்டின் குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

"இடியப்பத்துக்கு விடுறளவுதான்."

"திறந்து பாத்தால்?"

"கீரை."

கிளிபோட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள்கள் மட்டும் குலுங்கின.

"மரியோவிட்டைச் சொல்லியிருக்கலாமே, காஞ்சு போச்சு எண்டு," என்றாள் ரதி. "ஒரு தரம் சிரிச்சிட்டு இன்னொரு பெட்டி தந்திருப்பான்."

"சிரிப்பான்," என்றார் சண்முகலிங்கம். "அதுதான். ஒரு சுருட்டு வைச்சிருக்கத் தெரியாத ஆள் எண்டு பாப்பான். களவு போனதெண்டால் அது ஆருக்கும் நடக்கிறது. வேலைக்காரர் எடுக்கிறது பெரிய வீடுகளிலை நடக்கிறது."

பெரிய வீடுகளில் நடக்கிறது. ஆக, களவும் ஒரு தளபாடம்தான். வரவேற்பறைக்குப் பொருந்தும் என்று வாங்கிப் போட்டிருக்கிறார். அதற்கு விலையாக ஒரு பெண்ணை நாட்டை விட்டே அனுப்ப வேண்டியிருந்தது. அந்த விலை அவருக்கு அதிகமாகத் தெரியவில்லை. அவர் கொடுக்கும் விலை இல்லையே. எரிந்த வீடுகளுக்குள் ரதி கயவர்களைப் பார்த்திருக்கிறாள். அவர்களுக்குப் பசி இருந்தது, கடன் இருந்தது, கோபம் இருந்தது. இந்த மனிதரிடம் ஒரு இத்தாலியனின் புருவம் உயர்ந்துவிடுமோ என்ற பயம் மட்டுமே இருந்தது.

அவள் வெற்றுத்தாளை இழுத்து இரண்டு வரி எழுதினாள். 'சுருட்டுகள் களவு போகவில்லை. வீட்டுக்காரர் அவற்றை இடியப்பப் பானையில் அவித்தார்.'

"தங்கச்சி, ரெண்டாவது வரி வேண்டாம்." என்றார் சண்முகலிங்கம். "கெஞ்சிக் கேக்கிறன். முதல் வரி இருக்கட்டும். உதை வெட்டுங்கோ."

"அதை என்னட்டைக் கேக்காதேங்கோ," என்ற ரதி, பாலேஸ்வரியைப் பார்த்தாள்.

பாலேஸ்வரி யோசிக்க நேரம் எடுக்கவில்லை. மூன்று நாட்களாக யோசித்து முடித்திருந்தாள்.

"கடிதம்," என்றாள். "இப்ப."

கணினி முன் அமர்ந்து அவர் தட்டினார். அச்சு இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. பாலேஸ்வரி அதை நின்றபடியே வாசித்தாள். வரிக்கு வரி விரல் வைத்து.

"நான் தொடங்கினது மார்ச் இல்லை அண்ணை. அதுக்கு முதல் வந்த நவம்பர். மார்ச் எண்டால் ரெண்டு வருசம் வராது."

"கை தவறிப் போச்சு."

"தெரியும்."

இரண்டாவது தாளில் நவம்பர் இருந்தது. கையெழுத்து விழுந்தது. பிறகு அவள் சொல்லச் சொல்ல அவர் வட்ஸ்அப்பில் எழுதினார்: தான் பாலேஸ்வரிமேல் சொன்னது முழுப் பிழை, அவள் எதையும் எடுக்கவில்லை. அனுப்பிய மறு நிமிடமே மேசையில் தொலைபேசி விடாமல் நடுங்கத் தொடங்கியது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

ரதி இரண்டாவது வரியை வெட்டினாள். அதன் இடத்தில், 'பராமரிப்புத் தெரியாததால் பழுதடைந்தன' என்று எழுதினாள்.

"பொஸ், கருணை கூடிப் போச்சு," என்றான் கிளிபோட்.

சண்முகலிங்கம் மூச்சு விட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த தட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

பாலேஸ்வரி அதற்கு முன்பே எடுத்துவிட்டாள். துவாயில் சுற்றி, பையில் வைத்து, கடிதத்தை அதன் மேல் மடிப்பு விழாமல் வைத்தாள்.

"பாலேஸ், அது இனி உனக்கு என்னத்துக்கு?"

"பிஆர் காட் வரட்டும் அண்ணை," என்றாள் அவள். "வாற அண்டைக்குக் கழுவித் தாறன்."